காட்டுக்குள் தனியாக நின்று படமெடுப்பவரின் வாழ்க்கை: எவ்வளவு உண்மை, நம் மலையில் அது முடியுமா?

மூணாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்து, விஸ்காம் முடித்து, வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லும் நீங்கள் கேட்டிருப்பது இரண்டே வரிதான். கனடாவின் லெஸ் ஸ்ட்ரவுட், பிரிட்டனின் பேர் கிரில்ஸ் போன்றவர்கள் காட்டுக்குள் தனியாக நின்று எடுக்கும் படங்கள் உண்மையா, அப்படியொரு வாழ்க்கையை நம் மலையில் இருந்துகொண்டு ஒருவர் வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பலர் ‘எல்லாம் செட்டப்’ என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது சரியான பதிலும் இல்லை, போதுமான பதிலும் இல்லை. சாகசம் செய்கிற மனிதனைப் படமெடுப்பதும் காட்டைப் படமெடுப்பதும் ஒரே தொழில்தானா, இரண்டில் எது உங்களுக்குக் கைகூடும் என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பொள்ளாச்சியில் இருந்துகொண்டு ஆனைமலை, வால்பாறை, பரம்பிக்குளம், சின்னாறு பகுதிகளுக்கு வரும் காட்டுயிர்ப் படக்குழுக்களில் முதலில் உதவியாளனாகவும் பிறகு ஒளிப்பதிவாளனாகவும் வேலை செய்து வருகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கனடாவின் பனிக்காட்டில் நான் வேலை செய்தவன் அல்லன். ஆகவே அந்தப் படங்களைப் பற்றி நான் சொல்வது பொதுவெளியில் பதிவானதும், ஓர் ஒளிப்பதிவாளன் படத்தைப் பார்த்தே கண்டுகொள்ளக்கூடியதும் மட்டுமே. நம் மலையைப் பற்றிச் சொல்வது நேரில் செய்த வேலையிலிருந்து வருவது.

லெஸ் ஸ்ட்ரவுட்டின் வாழ்க்கை நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1961-இல் டொரொண்டோவில் பிறந்தவர். இசைத் தொலைக்காட்சி ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். மாநகராட்சியில் குப்பை அள்ளும் வேலையும் செய்தார். 1990-இல் ஒண்டாரியோ மாகாணத்தின் டெமகாமி ஏரிப் பகுதியில் துடுப்புப் படகில் போன ஒரு பயணம் அவரைக் காட்டின் பக்கம் திருப்பியது. பிறகு பயணிகளைப் படகில் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக வேலை செய்தார். 1994-இல் திருமணம் முடிந்த கையோடு மனைவியுடன் வபகிமி என்ற ஆளரவமற்ற வடபகுதிக்குப் போய், பழங்கால மனிதர் வாழ்ந்த முறையில் ஓராண்டு வாழ முனைந்தார். அந்த வாழ்க்கையைத் தாங்களே படமாக்கினார்கள். ‘ஸ்னோஷூஸ் அண்ட் சாலிட்யூட்’ என்ற ஆவணப்படம் அப்படி வந்ததுதான். ஏழு நாள் காட்டில் தனியாகத் தாக்குப்பிடிப்பதைத் தானே படமெடுத்துக் காட்டும் ‘சர்வைவர்மேன்’ தொடர் 2004-இல்தான் தொடங்கியது. அதாவது, திரையில் நாம் பார்க்கும் அந்த ஏழு நாள் மனிதனுக்குப் பின்னால் பத்து ஆண்டுகளுக்கும் மேலான காட்டுப் பழக்கம் இருந்தது. தொடரைப் பார்த்து வியக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இந்தப் பத்து ஆண்டுகளைத்தான்.

அவருடைய வேலைமுறையில் நான் மிகவும் மதிப்பது பட்டினி அல்ல, கேமராதான். படக்குழு கூட வராது, ஆகவே ஏறத்தாழ 23 கிலோ எடையுள்ள கேமராக்களையும் டிரைபாடுகளையும் அவரே சுமக்க வேண்டும். அவர் ஒரு சரிவில் ஏறி, தூரத்தில் புள்ளியாக மறைவதாக ஒரு ஷாட் வருகிறது என்று வையுங்கள். டிரைபாடை நிறுத்தி, மட்டம் பார்த்து, ஃபோகஸ் வைத்து, ரெக்கார்டு பட்டனை அழுத்திவிட்டு அவர் அந்தச் சரிவில் ஏறுகிறார். மறைந்த பிறகு திரும்பி இறங்கி வந்து கேமராவைக் கழற்றி எடுத்துக்கொள்கிறார். பிறகு அதே சரிவில் மீண்டும் ஏறுகிறார். பார்ப்பவருக்கு ஒரு முறை நடந்த தூரம் அவர் காலுக்கு மூன்று முறை. மூன்றாம் நாள், நான்காம் நாள், வயிற்றில் ஒன்றுமில்லாதபோதும் இதைச் செய்திருக்கிறார். டிரைபாடைத் தோளில் போட்டு ஏற்றம் ஏறியவர்களுக்கு அந்த ஒரு ஷாட்டின் விலை தெரியும். உடல் தாங்காத நிலையில்தான் 2008-இல் அந்தத் தொடரை நிறுத்தினார். சில ஆண்டுகள் கழித்து, பத்து நாள் தங்கும் வடிவில் அதை மீண்டும் எடுத்தார்.

‘தனியாக’ என்பதிலும் அவர் ஒளிவுமறைவு வைக்கவில்லை. அவசரத்துக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி உண்டு என்பதையும், மீட்புக்குழு சற்றுத் தொலைவில் காத்திருக்கும் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அமேசானிலும் ஆர்க்டிக்கிலும் தனியாக இறங்குவதற்கு முன் அந்த மண்ணின் மக்களோடு இருந்து, எதைத் தின்னலாம், எங்கே படுக்கலாம் என்பதைக் கற்றுக்கொண்ட பிறகே இறங்கினார். அதையும் படத்தில் காட்டினார். இந்த நேர்மையால்தான் அவருடைய தனிமையை நான் நம்புகிறேன்.

பேர் கிரில்ஸ் தொடரின் அடிப்படையே வேறு. பிரிட்டிஷ் ராணுவத்தின் சிறப்புப் படைப்பிரிவில் பயிற்சி பெற்றவர், 1998-இல் எவரெஸ்ட் ஏறியவர். அவருடைய உடல் துணிவில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவரோடு எப்போதும் ஒரு குழு நடக்கிறது. 2006-இல் தொடங்கிய ‘மேன் வெர்சஸ் வைல்டு’ தொடரில் சில இரவுகளை அவர் விடுதியில் கழித்ததும், சில காட்சிகள் ஏற்பாட்டோடு எடுக்கப்பட்டதும் 2007-இல் செய்தியாயின. அதன் பிறகு, சில சூழல்கள் காட்டுவதற்காக உருவாக்கப்பட்டவை என்ற அறிவிப்போடுதான் தொடர் ஒளிபரப்பானது. ரஜினிகாந்த் கலந்துகொண்ட நிகழ்ச்சியும் 2020 ஜனவரியில் பந்திப்பூரில், வனத்துறை அனுமதியோடு, குழுவோடு எடுக்கப்பட்டு அந்த ஆண்டு மார்ச்சில் ஒளிபரப்பானது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: திரையில் நாம் பார்க்கும் பள்ளத்தைத் தாண்டியது கிரில்ஸ்தான், அங்கே அவர் தனியாக இல்லை. ஸ்ட்ரவுட் பெரும்பாலும் தனியாகவே இருந்தார், உதவிக்கு வழி வைத்துக்கொண்டு இருந்தார். தனியாக இருக்கிறாரா என்பதைப் படத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒருவர் குதிக்கும்போது மேலிருந்து ஒரு கோணம், கீழிருந்து ஒரு கோணம், முகத்துக்கு அருகில் நகரும் கேமரா என்று வெட்டி வெட்டி வந்தால் அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். கேமரா அசையாமல் நிற்க, மனிதர் மட்டும் சட்டகத்துக்குள் வந்து வெளியேறினால் அங்கே பெரும்பாலும் ஒரு டிரைபாடு மட்டுமே நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட இரவில் அவர் எங்கே தூங்கினார் என்பதைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர்கள் ஊகிக்கிறார்கள்.

இனி இரண்டாவது தொழில், காட்டைப் படமெடுப்பது. இங்கே மனிதன் திரையிலேயே இருப்பதில்லை. நம் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு மரபு இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்துகொள்வது கிரில்ஸைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியம். சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி பதின்மூன்று வயதில் கிண்டி பாம்புப் பண்ணைக்குத் தன்னார்வலராகப் போனவர். பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி 1987-இல் வந்த படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அமைதிப் பள்ளத்தாக்கு மழைக்காட்டைப் பற்றிய அவருடைய படம் 1991-இல் வந்தது. பிறகு பன்னாட்டுத் தொலைக்காட்சிகளுக்குப் படமெடுப்பதை விட்டுவிட்டு, காட்டைக் காப்பதற்காகவே படமெடுக்கத் தொடங்கினார். கர்நாடகத்தின் குதிரைமுக இரும்புத்தாதுச் சுரங்கத்தைப் பற்றி 2001-இல் அவர் எடுத்த குறும்படம் அந்தச் சுரங்கத்துக்கு எதிரான இயக்கத்தின் கையில் ஒரு சான்றாக இருந்தது. 2005 முடிவுக்குள் சுரங்கத்தை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேகர் ராஜநாகத்தைப் பற்றி எடுத்த படம் எம்மி விருது பெற்றது. மைக் பாண்டே குஜராத் கடற்கரையில் அம்மணி உளுவை என்ற பெருஞ்சுறா கொல்லப்படுவதைப் படமாக்கி 2000-இல் வெளியிட்டார். மறு ஆண்டே அந்த மீன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்து உயர்ந்த பாதுகாப்பைப் பெற்றது. உதகையில் வளர்ந்த கார்த்திகி கோன்சால்வ்ஸ் முதுமலை தெப்பக்காடு யானை முகாமில் யானை பராமரிப்பாளர்களான பொம்மன், பெள்ளி இருவரோடும் ரகு என்ற யானைக்குட்டியோடும் ஆண்டுக்கணக்கில் இருந்து எடுத்த படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் பெற்றது. அந்தப் படத்தின் நீளம் ஏறத்தாழ நாற்பது நிமிடம்.

ஆண்டுக்கணக்கில் இருந்து நாற்பது நிமிடம் என்பது எப்படி நிகழ்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பெரிய இருவாச்சியை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் மாநிலப் பறவை அது. உங்கள் பக்கத்தில் மலையாளிகள் மலமுழக்கி என்பார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் பெண் பறவை ஒரு பெருமரப் பொந்துக்குள் போய், வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு நீண்ட கீறல் மட்டும் திறந்திருக்கும். அடுத்த மூன்று, நான்கு மாதங்களுக்கு உள்ளே இருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் இரை கொண்டுவருவது ஆண் பறவையின் பொறுப்பு. அது பயந்து வராமல் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவை பட்டினி. ஆகவே கேமராமேன் அங்கே இருக்கிறான் என்று அந்தப் பறவைக்குத் தெரியவே கூடாது. கூட்டிலிருந்து போதிய தூரம் தள்ளி, இலை தழையும் துணியும் கொண்டு ஒரு ஹைடு, அதாவது ஒளிந்து உட்காரும் மறைவிடம், கட்டுவோம். அதையும் ஒரே நாளில் கட்டுவதில்லை. முதலில் நான்கு கம்பு, இரண்டு நாள் கழித்துத் துணி, பிறகு தழை என்று பறவை பழகப் பழகக் கட்ட வேண்டும். விடிவதற்கு முன் உள்ளே போய்விட வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு போக நேர்ந்தால் இரண்டு பேர் சேர்ந்து போவோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்துகொள்ள, மற்றவர் மறைக்காமல், நன்றாகத் தெரியும்படி திரும்பி நடந்து போவார். வந்தவர் போய்விட்டார் என்று பறவை எடுத்துக்கொள்ளும். அது தலையை எண்ணுவதில்லை.

அதன் பிறகு காத்திருப்பு. ஹைடுக்குள் எழுந்து நிற்க இடம் இருக்காது. வாசனைச் சோப்பு கிடையாது, பீடி கிடையாது, பேச்சு கிடையாது. காலில் அட்டை ஏறுவது தெரிந்தாலும் சட்டென்று கையை அசைக்க முடியாது. சிறுநீருக்குப் பாட்டில். ஆண் பறவை வருவதைக் கண்ணுக்கு முன் காது சொல்லும், இறக்கை காற்றை அறுக்கும் அந்த இரைச்சல் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். உடனே கூட்டுக்கு வராது. அருகில் ஒரு கிளையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். சில சமயம் அப்படியே போய்விடும். வந்தால், தொண்டைக்குள் சேர்த்துவைத்த அத்திப் பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து, கீறலுக்குள் இருக்கும் அலகில் வைக்கும். தலையை மேலே எறிவது போன்ற ஓர் அசைவு, பழம் நுனியில் தெரிவது, உள்ளிருந்து வரும் அலகு அதை வாங்குவது, இந்த மூன்றும் ஃபோகஸில் வர வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அடுத்த வருகைக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். நடுவில் மேகம் இறங்கினால் அன்றைய வேலை அவ்வளவுதான். பதினாறு மில்லிமீட்டர் பிலிம் காலத்தில் 400 அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்; வேகம் குறைத்துக் காட்ட வேண்டிய காட்சி என்றால் அதில் பாதி நேரம்தான். பழம் கைமாறுகிற கணத்தில் சுருள் தீரக்கூடாதே என்ற பதற்றம் அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்களுக்கு நிரந்தரமானது. இப்போதைய டிஜிட்டல் கேமராக்களில் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய சில விநாடிகளையும் பதிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. கருவி மாறினாலும் உட்கார வேண்டிய நேரம் குறையவில்லை.

இந்தத் தொழிலிலும் உண்மை பொய் என்ற கேள்வி உண்டு, அதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நல்லதல்ல. தொலைவிலிருந்து பெரிய லென்ஸில் எடுக்கும் காட்சியோடு அதன் ஒலி வராது. மான் நடக்கும் காலடிச் சத்தமும், பறவை பழம் விழுங்கும் சத்தமும் பெரும்பாலும் பிறகு சேர்க்கப்படுபவை. வெவ்வேறு நாளில் எடுத்த துண்டுகளை ஒரே காலைப்பொழுதாகத் தொகுப்பதும் வழக்கம். இவற்றை நான் பொய் என்று கருதவில்லை, அந்த விலங்கு உண்மையில் செய்யும் செயலைத்தான் அவை காட்டுகின்றன. விலங்கு செய்யாததைச் செய்ததாகக் காட்டுவதுதான் பொய். 1958-இல் வந்த ஒரு டிஸ்னி படத்தில் லெமிங் என்ற எலிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்வதாகக் காட்டினார்கள். அவற்றை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து படக்குழுவே விளிம்பிலிருந்து தள்ளியது என்பதை 1980-களில் கனடியத் தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது. பிபிசியின் ஒரு புகழ்பெற்ற தொடரில் பனிக்கரடிக் குட்டிகள் பிறந்து கிடக்கும் காட்சி விலங்குக்காட்சிச்சாலையில் எடுக்கப்பட்டது என்று 2011-இல் விவாதம் எழுந்தது. தாய்க்கரடியின் பனிக்குகைக்குள் கேமரா வைத்தால் அது குட்டிகளைக் கைவிடக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதைப் படத்திலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் என் தொழிலில் உள்ளவர்களே வேறுபடுகிறார்கள்.

சாகசத்தைப் பற்றி நீங்கள் ஆவலோடு கேட்டிருக்கிறீர்கள். ஆபத்து இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் தேடிப் போகாமலே வருவது. செந்நாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து படமெடுத்த கர்நாடகத்தின் கிருபாகர், சேனானி இருவரையும் 1997-இல் வீரப்பன் கடத்திப் போய் இரண்டு வாரம் வைத்திருந்தான். தேடிப் போன ஆபத்தின் முடிவுக்கு அலாஸ்காவின் டிமோத்தி ட்ரெட்வெல் வாழ்க்கை சான்று. பதின்மூன்று கோடைகளைக் கரடிகளோடு கழித்து, அவற்றுக்கு மிக அருகில் போய்த் தன்னையே படமெடுத்துக்கொண்டவர், 2003-இல் தோழியோடு ஒரு கரடியால் கொல்லப்பட்டார். நம் மலையில் யானைதான் முதல் கவலை. அதைத் தவிர்க்கத் தேவைப்படுவது துணிச்சலல்ல, செய்தி. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. எந்த எஸ்டேட்டில் கூட்டம் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே நாங்கள் விடியற்காலையில் கிளம்புவோம்.

அதற்கும் மேலான காப்பு கூட வரும் ஆள்தான். ஆனைமலையிலும் பரம்பிக்குளத்திலும் காடர், மலசர், உங்கள் பக்கம் முதுவர், சின்னாற்றில் முதுவரோடு மலைப்புலையர் என்று காட்டை அறிந்த பழங்குடி மக்கள். ஈரச் சாணத்தைப் பார்த்து யானை எவ்வளவு முன்னால் போயிருக்கிறது என்பதையும், கருமந்தி கத்தும் விதத்தைக் கேட்டுக் கீழே சிறுத்தை நடக்கிறது என்பதையும் அவர்கள் சொல்லும்போது கேமராமேன் செய்ய வேண்டியது நின்று கேட்பது மட்டுமே. எந்த மரத்தில் இருவாச்சி கூடு வைக்கும் என்பதைத் தாத்தா காலத்திலிருந்து அறிந்தவர்கள் அவர்கள். வாழச்சால் பகுதியில் காடர்களே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காத்து வருகிறார்கள். இவ்வளவும் கொடுத்தவரின் பெயர் படத்தின் இறுதியில் ‘உள்ளூர் உதவி’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். இது எனக்கு ஆறாத வருத்தம். திரையில் தனியாகத் தெரிகிற எந்த மனிதனும் தனியாக இல்லை என்பதை ஸ்ட்ரவுட் தன் படத்தில் காட்டினார். நம் ஊருக்கு வந்துபோகிற பல குழுக்கள் காட்டுவதில்லை. நீங்கள் படமெடுத்தால் வழி காட்டியவரின் முழுப் பெயரையும் போடுங்கள், கேமராவுக்குக் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டு வெட்கப்படாத கூலியையும் கொடுங்கள்.

ஸ்ட்ரவுட் செய்ததை அப்படியே நம் காட்டில் செய்ய முடியுமா என்றால், முடியாது, செய்யவும் கூடாது. காரணம் சட்டமும், காட்டின் தன்மையும். அவர் போன நிலங்கள் பல நூறு சதுர மைலுக்கு ஆளில்லாதவை. நம்முடையவை சுற்றிலும் மனிதர் நெருங்கிய, எஞ்சிய காடுகள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும், காட்டுக்கு ஆபத்து வரும்படி நெருப்பு மூட்டுவதும், ஆயுதத்தோடு போவதும் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நெருப்பு என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்தது உங்கள் மலைக்கு மறுபக்கச் சரிவில்தான். படமெடுக்க வழி அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவில் இருக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். 2022 திருத்தத்துக்குப் பிறகு, வாழிடத்தையோ விலங்கையோ பாதிக்காமல் எடுக்கும் ஒளிப்படமும் திரைப்படமும் என்று அது தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. எல்லைப் பகுதியில் இது இரட்டை வேலை. டாப்சிலிப்பில் மேயும் யானை மாலையில் பரம்பிக்குளத்துக்குள் போய்விடும். அதைத் தொடரும் கேமராவுக்குச் சென்னையில் ஓர் அனுமதி, திருவனந்தபுரத்தில் ஓர் அனுமதி. பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் சாலை சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்தான் வருகிறது. ஆகவே ஒரு பக்கத்து அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு வந்து சோதனைச்சாவடியில் நிற்கிற குழுக்கள் உண்டு. கட்டணமும் நடைமுறையும் அடிக்கடி மாறுகின்றன. பழைய தகவலை நம்பாமல் வனக்கோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ட்ரோனுக்குத் தனி அனுமதி வேண்டும்.

ட்ரோன் என்றதும் 2023 மே மாதத்துக் கம்பம் நினைவுக்கு வருகிறது. சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்கு மாற்றப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை மலை இறங்கி ஊருக்குள் வந்தபோது, புளியந்தோப்பில் அமைதியாக நின்ற அதை ஒரு யூடியூபர் பறக்கவிட்ட ட்ரோன் மிரட்டி ஓடவைத்தது. அவர் கைது செய்யப்பட்டார். உங்கள் மூணாற்றில் படையப்பா என்ற காட்டு யானைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, விளக்கைப் பாய்ச்சி வீடியோ எடுத்தவர்கள்மீது கேரள வனத்துறை வழக்குப் பதிந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடியோக்களைப் பார்ப்பவர் எண்ணிக்கை உங்களை மயக்க வேண்டாம். யானை காதை விரித்து, தலையைத் தூக்கி, மண்ணைக் காலால் தட்டுகிற காட்சியைப் பார்த்தால் என்னைப் போன்றவர்களுக்குத் தெரிவது யானையின் வீரம் அல்ல, எடுத்தவர் அதற்கு எவ்வளவு தொந்தரவு கொடுத்தார் என்பது. நல்ல ஒளிப்பதிவாளரின் படத்தில் யானை புல்லைப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண் உதிர்த்து, வாயில் போட்டுக்கொண்டிருக்கும்.

பிழைப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஒவ்வொருவர் நிலையும் வேறு. காட்டுயிர்ப் படத்தை மட்டும் நம்பி மாதச் சம்பளம் போல வருமானம் பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பலர் கல்யாண வீடியோ, விளம்பரப் படம், கல்லூரி வகுப்பு என்று வேறு வேலையில் சம்பாதித்துக் காட்டில் செலவழிக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாழ்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் உள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டிய உண்மை என்பதால் சொல்கிறேன்.

ஆனால் உங்களிடம் ஒன்று இருக்கிறது, அது எந்த வெளிநாட்டுக் குழுவிடமும் இல்லை. அவர்கள் அனுமதிக்கடிதத்தில் உள்ள வாரங்களுக்கு மட்டும் வருகிறார்கள், நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். லய வீடுகளுக்குப் பின்னால் உள்ள சோலைத்துண்டில் மலை அணில் எந்த மரத்தில் கூடு வைத்திருக்கிறது, தேயிலைக்குள் மேயும் காட்டெருமை எந்த நேரத்தில் ஓடைக்கு இறங்குகிறது என்பது உங்கள் வீட்டாருக்கும் கொழுந்து கிள்ளும் அக்காமாருக்கும் ஏற்கெனவே தெரியும். இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடும் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் அங்கே போக நினைக்காதீர்கள். எஸ்டேட் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரே ஒரு விலங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலை அணில் நல்ல தொடக்கம். பகலில் நடமாடும், மனிதருக்கு ஓரளவு பழகியது, கூடு கட்டும், பழம் தின்னும், எதிரியைக் கண்டால் கத்தும். ஓர் ஆண்டு முழுக்க அதைப் பாருங்கள். கேமராவைத் தொடுவதற்கு முன் சில வாரம் நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் போங்கள்: தேதி, நேரம், மழையா வெயிலா, எந்த மரம், என்ன தின்றது. எந்த நேரத்தில் எங்கே டிரைபாடை வைக்க வேண்டும் என்பதை அந்த நோட்டுத்தான் சொல்லும்.

விலையுயர்ந்த லென்ஸுக்குக் கடன் வாங்க வேண்டாம். சாதாரண கேமராவும் அசையாத டிரைபாடும் போதும். டிரைபாடில் மட்டும் மலிவானதை வாங்காதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் உங்கள் பக்கத்து ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். ஒலியைத் தனியாகப் பதியுங்கள்: விடியற்காலைச் சோலை, தகரக் கூரைமேல் மழை, அணிலின் கத்தல். தொகுக்கும்போது இவை உங்களுக்குப் படத்துக்குச் சமமாக உதவும். கூடு இருக்கும் இடத்தைச் சமூக ஊடகத்தில் சொல்லாதீர்கள். ஆண்டு முடிவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முதல் தொகுப்பு தேறினால் எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன். எங்கே கூட்டு ஒளிப்பதிவாளராகவோ உதவியாளராகவோ சேரலாம் என்பதை அதைப் பார்த்த பிறகுதான் என்னால் பொறுப்போடு சொல்ல முடியும்.